ஏரி வாரியமும் எங்கள் அத்தையும்

எங்கள் அத்தை சாப்பிடும்போது எழுந்து நிற்பார்.

யாருக்கும் மரியாதை கொடுப்பதற்காக அல்ல. நாலு வாய் சோறு உள்ளே போனதும் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுவார். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிமிர்வார். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொள்வார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து ஒரு தம். உள்ளே எதுவோ 'களக்' என்று இறங்கும். முகம் தெளியும். மறுபடி உட்கார்ந்து அடுத்த நாலு வாய்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அத்தை கோபித்துக்கொள்வார். முழுப் பரீட்சை லீவு விட்டதும் செங்கல்பட்டில் பஸ் மாறி அங்கே போய்விடுவோம். 1990-களின் தொடக்கம். பொடியன்களான எங்களுக்கு அத்தையின் சாப்பாடு ஒரு வேடிக்கை. 'அத்தை டிரில் எடுக்குது' என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம். அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் இன்று காலை சாப்பிட்ட இட்லியை நினைத்துப் பாருங்கள். சட்னி ஞாபகம் இருக்கும். இட்லி வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்த விதம் ஞாபகம் இருக்காது. தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே சுமார் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு உணவுக்குழாய். வாயில் போட்டால் தொப்பென்று வயிற்றில் விழும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விழுவதில்லை. குழாயின் சுவரிலுள்ள தசை மேலிருந்து கீழாக அலை அலையாகச் சுருங்கி, பற்பசை டியூபைப் பிதுக்குகிற மாதிரி தள்ளிக்கொண்டு போகிறது. தலைகீழாக நின்று சாப்பிட்டாலும் வயிற்றுக்குப் போய்விடும் (வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்).

குழாயின் அடியில், வயிற்றுக்குள் நுழைகிற இடத்தில், ஒரு சுருக்குத் தசை. சுருக்குப் பையின் வாய் போல எந்நேரமும் மூடியே இருக்கும். விழுங்கியதும் சில நொடிகள் தளர்ந்து திறக்கும். சாப்பாடு இறங்கியதும் மூடிக்கொள்ளும். வயிற்றிலிருக்கும் அமிலம் மேலே ஏறாமல் இருக்க இந்த ஏற்பாடு. உத்திரமேரூர்க்காரர்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. மதகு என்று சொன்னால் போதும்.

அத்தைக்கு அந்த மதகு திறக்கவில்லை.

குழாயின் சுவருக்குள் இருக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் நரம்புகளைத் தாக்குகிறது என்று சந்தேகிக்கிறார்கள். தீர்மானமான காரணம் இன்னும் கிடைக்கவில்லை. நரம்பு போனதும் ஒரே நேரத்தில் இரண்டு கெடுதல். தள்ளுகிற அலை நின்றுவிடுகிறது. அடியில் மதகும் திறக்க மறுக்கிறது. நோயின் பெயர் அக்கலேசியா. தளராமை என்று பொருள். மேல்நாட்டுக் கணக்குப்படி வருஷத்துக்கு லட்சம் பேரில் ஒருவருக்குப் புதிதாக வருகிறது. அதையே தமிழ்நாட்டுக்குப் போட்டால், 2011 சென்ஸஸின் 7.21 கோடி ஜனத்தொகைக்கு வருஷத்துக்கு எழுநூற்றுச் சொச்சம் பேர். அபூர்வ நோய்தான். ஆனால், எங்கேயோ யாருக்கோ வருவது என்று தள்ளிவிடுகிற அளவுக்கு அபூர்வம் இல்லை.

இந்த நோய்க்காரர்களுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷம் வேறு ஏதோ நோய்க்கு வைத்தியம் நடக்கும். உலகம் முழுக்க இதே கதைதான். எங்கள் பக்கத்து ருசியோடு அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

முதலில் தொக்கம். குழந்தைகளுக்குத் தொண்டையில் எதுவாவது சிக்கிக்கொண்டால் தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் அல்லவா, அவரிடம் போனார்கள். அவர் ஒரு குழலை வைத்து ஊதினார், உறிஞ்சினார், கடைசியில் கையில் ஒரு துணுக்கைக் காட்டினார். 'எப்பவோ கல்யாணத்துல துன்ன கறி. பாத்தியா, அப்படியே இருக்குது!' கூடியிருந்தவர்கள் 'ஆமாம்' என்றார்கள். அத்தையும் 'ஆமாம்' என்றார். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு மறுபடி எழுந்து நின்றார்.

பிறகு, யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்றார்கள். மாத்திரை மருந்து இல்லை, சோற்றில் கலந்து கொடுக்கிற இடுமருந்து. அத்தைக்கு ராத்திரி படுத்தால் சாப்பிட்டது போட்டபடியே தலையணைக்கு வந்துவிடும். பருக்கை பருக்கையாக, செரிக்காத சோறு. வயிற்றுக்கே போகாத சோறு எப்படிச் செரிக்கும்? அதையே அத்தாட்சியாக்கி, ஓரகத்தி மேல் பழி போட்டார்கள். இரண்டு குடும்பங்களுக்கு நடுவே நாலு வருஷம் பேச்சு இல்லை. அந்த ஓரகத்தி பாவம், அத்தைக்குக் கூழ் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே மனுஷி.

அப்புறம் கேஸ் டிரபிள், அல்சர், பாட்டில் பாட்டிலாக ஜெலுசில். படுத்தால் மேலே வருகிற சோறும் எச்சிலும் மூச்சுக்குழாயில் இறங்கி ராத்திரியெல்லாம் இருமல். எடை குறைகிறது, இருமுகிறது, அப்படியானால் டி.பி. என்று ஊர் முடிவு கட்டியது. மூன்று முறை சளிப் பரிசோதனை, கிருமி இல்லை. ஆனாலும் அத்தையின் தட்டும் டம்ளரும் தனியாகப் போய்விட்டன. ஒரு டாக்டர் மாமாவைத் தனியே கூப்பிட்டு, 'மனசுல ஏதாவது குறை இருக்கும், பாத்து நடந்துக்கங்க' என்று அறிவுரை சொல்லி அனுப்பினார்.

1996-ல் அத்தையின் எடை 32 கிலோ.

சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரி. பயிற்சி டாக்டர் போல ஒரு சின்னப் பெண். அவர் கேட்ட கேள்வியை அத்தை இன்றைக்கும் சொல்வார். 'சோறு மட்டும் நிக்குதாம்மா, தண்ணியும் நிக்குதா?' இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. உணவுக்குழாயில் கட்டி வளர்ந்தால் முதலில் கெட்டிச் சாப்பாடு சிக்கும், அப்புறம்தான் திரவம். ஆரம்பத்திலிருந்தே இரண்டும் சிக்கினால் தசையும் நரம்பும்தான் சந்தேகம். பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்-ரே எடுத்தார்கள். மேலே அகலமாக ஊதிப்போன குழாய், அடியில் சட்டென்று கூர்ந்து ஒரு முனை. டாக்டர்கள் இதைப் பறவை அலகு என்பார்கள். அத்தையின் கிராமத்திலிருந்து வேடந்தாங்கல் கிட்டத்தில்தான். 'நத்தகுத்தி மூக்கு மாதிரி இருந்திச்சு நைனா' என்பார் அத்தை.

இங்கே கொஞ்சம் சரித்திரம். 1674-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில டாக்டர் இந்த நோயை எழுதி வைத்திருக்கிறார். அவருடைய நோயாளி ஒருவர், சாப்பாடு இறங்காமல் சாகக் கிடந்தார். வில்லிஸ் ஒரு திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் ஸ்பாஞ்சைக் கட்டிக் கொடுத்து, சாப்பிட்டதும் அதைத் தொண்டைக்குள் விட்டுச் சோற்றை நீயே தள்ளிக்கொள் என்றார். அந்த மனிதர் 15 வருஷம் தினமும் அப்படியே செய்து உயிரோடு இருந்தார். பசி என்ன செய்யவைக்கும் பாருங்கள்.

1913-ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் என்ற சர்ஜன், திறக்காத மதகை வெட்டிவிட்டால் என்ன என்று யோசித்தார். எலக்ட்ரிக் வயரின் மேல் ரப்பரை மட்டும் சீவி, உள்ளே செம்புக் கம்பியில் கீறல் படாமல் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். உணவுக்குழாயின் அடிப்பகுதியில் ஆறு சென்டிமீட்டர் போல, வயிற்றின் மேல்பகுதியில் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் போல, வெளித்தசையை மட்டும் நீளவாக்கில் பிளக்க வேண்டும். உள்சவ்வு ஓட்டையாகக் கூடாது. ஹெல்லர் முன்னும் பின்னும் இரண்டு வெட்டு போட்டார். முன்னால் ஒன்று போதும் என்பது பிறகு தெரிந்தது. நூறு வருஷம் தாண்டியும் ஆபரேஷன் அவர் பெயரில்தான் நடக்கிறது. 1991-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஆல்ஃபிரட் குஷியேரி குழுவினர் வயிற்றைக் கிழிக்காமல் லேப்ராஸ்கோப்பில் அதைச் செய்து காட்டினார்கள். அத்தைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நெஞ்செலும்புக்குக் கீழே ஆரம்பித்துத் தொப்புள் வரை தையல்.

சில நாள் கழித்து முதல் கஞ்சி. நான் கூட இருந்தேன். அத்தை நாலு ஸ்பூன் குடித்தார். பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் பார்த்தார். நர்ஸ் அதட்டினார். உட்கார்ந்தபடியே நெஞ்சில் கைவைத்துக் காத்திருந்தார். அங்கே எதுவும் நிற்கவில்லை. மாமா அவசரமாக வராந்தா பக்கம் போனார். எதற்கு என்று நான் பார்க்கப் போகவில்லை.

ஆறு மாதத்தில் 45 கிலோ. தனித் தட்டு அலமாரிக்குள் போனது. ஓரகத்தி வீட்டுக் கல்யாணத்துக்கு அத்தை போய், பந்தியில் உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

சினிமாவாக இருந்தால் இங்கே வணக்கம் போடலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் சொல்ல வந்ததே இதற்கப்புறம் நடந்ததுதான்.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'வருஷத்துக்கு ஒரு முறை வரவும்' என்று எழுதியிருந்தார்கள். அத்தை இரண்டு வருஷம் போனார். மூன்றாம் வருஷம் நாற்று நடவு. நாலாம் வருஷம் பெண்ணுக்குப் பிரசவம். ஐந்தாம் வருஷம் சீட்டே எங்கே என்று தெரியவில்லை. 'நல்லாதானே துன்றேன், எதுக்கு அம்மாந்தூரம் போயி கியூவுல நிக்கணும்?' என்றார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. ஆபரேஷன் ஆகிவிட்டது, நோய் போய்விட்டது. அப்பெண்டிக்ஸ் எடுத்தவன் வருஷா வருஷம் டாக்டரைப் பார்க்கிறானா என்ன?

இங்கேதான் நாங்கள் தப்புக் கணக்குப் போட்டோம். ஹெல்லர் ஆபரேஷன் நோயைக் குணப்படுத்துவதில்லை. செத்த நரம்பு திரும்புவதில்லை. தள்ளுகிற அலையும் பெரும்பாலானவர்களுக்கு மறுபடி சரியாக வருவதில்லை. ஆபரேஷன் செய்வது ஒன்றே ஒன்று, மதகைத் திறந்துவிடுகிறது. மிச்சத்தைப் பூமியின் ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்கிறது. திறந்த மதகு இரண்டு பக்கமும் திறந்ததுதான். மேலிருந்து சோறு இறங்குகிற வழியில், கீழிருந்து அமிலம் ஏறும். குழாய் அதைத் திருப்பித் தள்ள வழியில்லாமல் அப்படியே கிடந்து வேகும். வெட்டிய இடத்தில் தழும்பு இறுகி மறுபடி அடைக்கலாம். குழாய் மேலும் மேலும் அகன்று, வளைந்து, பை மாதிரி தொங்கலாம்.

சிலி நாட்டின் சாண்டியாகோ நகர சர்ஜன்கள், ஆபரேஷன் செய்துகொண்ட 67 பேரை விடாமல் பின்தொடர்ந்து 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சராசரியாக 190 மாதம், கிட்டத்தட்ட 16 வருஷம். சுமார் 73 சதவீதம் பேர் நன்றாக இருந்தார்கள். 22 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் தோல்வி என்றே எழுத வேண்டி வந்தது, முக்கியக் காரணம் அமிலப் புண். மூன்று பேருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய், ஆபரேஷனுக்குப் பிறகு 5, 7, 15 வருஷங்களில். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நாலில் மூன்று பேர் பதினாறு வருஷம் சாப்பிட்டார்கள் என்பது நல்ல சேதி. நாலாவது ஆள் யார் என்று தெரிய, அவரை யாராவது தேடிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது என்பதுதான் என்னைக் குடைகிறது.

நான் படித்தது பி.காம். தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. மெஷின் வாங்கிய அன்றைய விலையையே வருஷா வருஷம் பாலன்ஸ் ஷீட்டில் காட்டிக்கொண்டிருந்தால், அது கணக்கு இல்லை, கற்பனை. அத்தையின் தொண்டைக்கு நாங்கள் 1996-ம் வருஷத்து மதிப்பையே போட்டுக்கொண்டிருந்தோம்.

2012, வைகாசி. உத்திரமேரூரில் ஒரு கல்யாணம். கூட வந்த சென்னை நண்பருக்கு ஊரைக் காட்டும் பெருமையில் மண்டபத்திலிருந்து நழுவி, பஸ் ஸ்டாண்டு பக்கம் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ம் வருஷங்களின் கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு ஒரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமில்லை, அவனுடைய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது! ஏரி வாரியம் என்று தனியாக ஆறு பேர், 360 நாள் பதவி. உத்திரமேரூர் ஏரி பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம். அதைத் தூர்வாரப் பொன் கொடுத்து, வட்டியில் வருஷா வருஷம் வேலை நடக்க ஏற்பாடு செய்ததாகவும் இந்த ஊர்க் கல்வெட்டுகளில் இருக்கிறது. ஏரி வெட்டியதோடு வேலை முடியவில்லை என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதையெல்லாம் நண்பருக்கு உணர்ச்சிவசப்பட்டு விளக்கிவிட்டு, பசியோடு மண்டபத்துக்குத் திரும்பினேன்.

பந்தியின் கடைசி வரிசையில் அத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

சுவரோரமாக, கையில் தண்ணீர் பாட்டிலோடு. யாரையோ தேடுகிற மாதிரி பாவனை. இரண்டு கையையும் தூக்கவில்லை. கூந்தலைச் சரிசெய்கிற மாதிரி ஒரு கையை மட்டும் தூக்கினார். நான் பார்த்தேன். பார்த்ததை அத்தையும் பார்த்தார். 'இன்னா நைனா, பாயசம் வாங்கினியா?' என்றார். வாங்கினேன். பழைய பழக்கம் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை பஸ் ஏறி சென்னைக்கு வந்துவிட்டேன்.

ஊரிலிருக்கும் தப்பையெல்லாம் எழுதிப் பிழைப்பவன் நான். இதைக் கண்ணால் பார்த்தும் ஒரு போன் பண்ணிக் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் மார்கழியில் நிமோனியா. ராத்திரி மேலே வந்த சோறு நுரையீரலில் இறங்கிவிட்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. எண்டோஸ்கோப்பி குழாயை உள்ளே விட்ட டாக்டர், முதலில் முந்தாநாள் சாப்பாட்டை வெளியே எடுக்க வேண்டியிருந்தது என்றார். அகன்றுபோன குழாய், தழும்பால் குறுகிய மதகு, அதைச் சுற்றி அமிலம் அரித்த புண். 'எவ்ளோ நாளா இப்படி?' என்று கேட்டார்.

அத்தை விரல் விட்டு எண்ணினார். 'ஒரு அஞ்சு வருஷம் இருக்கும் சார்.'

'ஏம்மா சொல்லல?'

'முன்ன இருந்ததுக்கு இது எவ்வளவோ தேவலாம் சார்.'

இந்த ஒரு வரியை நீங்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆபரேஷன் ஜெயித்ததா என்று அளக்க உலகம் முழுக்க டாக்டர்கள் எக்கார்ட் ஸ்கோர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நாலே கேள்வி. விழுங்கச் சிரமமா, சாப்பிட்டது திரும்புகிறதா, நெஞ்சு வலியா, எடை குறைந்ததா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க். மொத்தம் மூன்றோ அதற்குக் கீழேயோ என்றால் வெற்றி. பெரிய ஆராய்ச்சிகள் பலவும் இந்த நாலு கேள்வியில்தான் நிற்கின்றன. ஐரோப்பாவில் 201 பேரை வைத்து நடத்திய ஒப்பீட்டில், ஐந்து வருஷ முடிவில் பலூன் வைத்து விரித்தவர்களில் 82 சதவீதம், ஆபரேஷன் செய்தவர்களில் 84 சதவீதம் வெற்றி. கிட்டத்தட்ட சமம். ஆனால், பலூன்காரர்களில் கால்வாசிப் பேருக்கு நடுவில் மறுபடி விரிக்க வேண்டியிருந்தது.

நாலு கேள்விக்கும் பதில் சொல்வது யார்? அத்தை மாதிரி ஒருவர். 32 கிலோவுக்கு இறங்கி, தனித் தட்டில் சாப்பிட்டுப் பழகியவர். அவருடைய அளவுகோல் உங்களுடையது இல்லை. இரண்டு முறை எழுந்து நிற்பது அவருக்குச் சிரமத்தில் சேர்த்தியே இல்லை. அதனால்தான் விவரமான டாக்டர்கள் கேட்பதோடு விடுவதில்லை. பேரியத்தைக் குடிக்கவைத்து, நிற்கவைத்து, ஒன்று, இரண்டு, ஐந்து நிமிஷத்தில் எக்ஸ்-ரே எடுத்து, எவ்வளவு உயரத்துக்கு இன்னும் தேங்கி நிற்கிறது என்று ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். வாய் 'நல்லா இருக்கேன்' என்று சொன்னாலும் குழாயில் கரைசல் நிற்பது படத்தில் தெரிந்துவிடும். ஆடிட்டர் முதலாளியிடம் 'சரக்கு எவ்வளவு சார் இருக்கு?' என்று கேட்டு எழுதிக்கொள்வதில்லை. கோடவுனைத் திறக்கச் சொல்வார்.

அத்தைக்கு மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. எண்டோஸ்கோப் வழியாகப் பலூனை இறக்கி விரித்தார்கள். முதலில் 30 மில்லிமீட்டர், சில வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் பெரியது. புண்ணுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, தினமும், ஆயுசுக்கும்.

இப்போது இன்னொரு வழி வந்திருக்கிறது. 2008-ல் ஜப்பானின் ஹாருஹிரோ இனோவே ஆரம்பித்து வைத்தது, போயம் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். வெளியே ஒரு கீறல் கூடக் கிடையாது. வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, உணவுக்குழாயின் சுவருக்குள்ளேயே ஒரு சுரங்கம் வெட்டி, அதன் வழியே போய்த் தசையைப் பிளப்பது. கேட்டால் ஜேம்ஸ் பாண்டு வேலை மாதிரி இருக்கிறது. ஹைதராபாத்தின் ஏஷியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டெராலஜி டாக்டர்கள் 502 பேருக்குச் செய்த விவரத்தை 2018-ல் வெளியிட்டார்கள். அதில் கணிசமானவர்கள், முன்பே பலூனோ ஆபரேஷனோ செய்து மறுபடி அடைத்துக்கொண்டவர்கள். அவர்களுக்கும் நன்றாகவே பலித்திருக்கிறது.

அதற்கும் விலை உண்டு. 2019-ல் 221 பேரை வைத்து வெளியான ஒரு ஒப்பீட்டில், இரண்டு வருஷ முடிவில் போயம் 83 சதவீதம், ஹெல்லர் 81.7 சதவீதம். விழுங்குவதில் வித்தியாசமே இல்லை. ஆனால், அமிலப் புண் போயம் செய்தவர்களில் 44 சதவீதம், ஹெல்லரில் 29. காரணம் எளிது. ஹெல்லர் ஆபரேஷன் செய்யும்போதே வயிற்றின் மேல்மடிப்பைக் கொஞ்சம் இழுத்து, வெட்டிய இடத்தின் மேல் போர்த்தித் தைத்துவிடுவார்கள். அமிலத்துக்கு ஒரு திரை. 2004-ல் அமெரிக்காவில் 43 பேரிடம் சோதித்ததில், அந்தத் திரை இல்லாதவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு அமிலம் ஏறியது, திரை போட்டவர்களில் 9.1 சதவீதம்தான். போயத்தில் அந்தத் திரையை வழக்கமாகப் போடுவதில்லை. யாராவது உங்களுக்கு 'தழும்பே இல்லாத ஆபரேஷன்' என்று சொன்னால், சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு, 'அமிலத்துக்கு என்ன சார் ஏற்பாடு? அடுத்த வருஷம் யார் பார்ப்பீங்க?' என்று சேர்த்துக் கேளுங்கள்.

புற்றுநோய் விஷயத்தில் டாக்டர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. நோய் ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து வருஷம் ஆனவர்களை அவ்வப்போது எண்டோஸ்கோப்பியில் பார்த்துவிடுவது நல்லது என்று பலர் சொல்கிறார்கள். எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். எங்கள் வீட்டில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை என்று ஒரு டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அத்தைக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே ஒவ்வொரு செங்கல். ராத்திரி சாப்பாடு ஏழு மணிக்குள். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் படுக்க மாட்டார், சீரியல் உபயம். சோறு கொஞ்சம் குழைவாக, பக்கத்தில் எப்போதும் வெந்நீர். பரோட்டா கிடையாது. அதில் மட்டும் அவருக்கு வருத்தம் உண்டு.

மாதத்துக்கு ஒரு தடவை நான் போன் பண்ணி நாலு கேள்வியையும் கேட்பேன். 'எறங்குதா? மேல வருதா? வலி இருக்கா? வெயிட் பாத்தீங்களா?' அத்தை பரீட்சைக்குப் பதில் சொல்கிற மாதிரி, 'இல்ல, இல்ல, இல்ல, நாப்பத்தாறு' என்பார். எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. அதனால் ஓரகத்தியிடமும் தனியாகக் கேட்டுக்கொள்வேன். இரண்டு வீடும் இப்போது ஒரே வாசல்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். டெய்லி காலண்டரில் மாசி மாதத்து ஒரு தேதியில் சிவப்புப் பேனாவால் ஒரு சுழி. 'என்ன அத்தே, யாருக்குக் கல்யாணம்?' என்றேன். 'ஆஸ்பத்திரி' என்றார். ஓரகத்தியும் கூட வருகிறாராம், இரண்டு பேருக்கும் சேர்த்து டிபன் கட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மத்தியானம் எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். அவரைக்காய்க் குழம்பு, வடை, பாயசம். நான் சாப்பிடாமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

'இன்னா அப்படிப் பாக்கற?' என்றார் அத்தை. 'உக்காந்துதான் துன்றேன். உன் எலயப் பாத்து சாப்புடு, ஆறுது.'